பொம்மக்கா யார் வீட்டுப் பெண்?

டவுன்டன் அபி என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் இரண்டு பெண்கள் கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெறுகிறார்கள். ஒருத்தி எத்தல், அந்த மாளிகையின் வேலைக்காரி. முதல் உலகப்போர் சமயத்தில் காயம்பட்ட ராணுவ அதிகாரிகள் அங்கே தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒரு மேஜரை எத்தல் நம்புகிறாள். வேலை போகிறது. மேஜர் போரில் செத்துப்போகிறான். கைப்பிள்ளையோடு நிற்பவள் கடைசியில் உடம்பை விற்றுப் பிழைக்கிறாள். பிள்ளையாவது நல்லா இருக்கட்டும் என்று மேஜரைப் பெற்றவர்களிடமே கொடுத்துவிடுகிறாள்.

இன்னொருத்தி ஈடித். அந்த வீட்டுப் பிரபுவின் நடு மகள். அவளுடைய காதலன் ஜெர்மனிக்குப் போன இடத்தில் கொல்லப்படுகிறான். ஈடித் தன் அத்தையோடு வெளிநாட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றுத் திரும்புகிறாள். பிள்ளையைத் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழும் ட்ரூ குடும்பத்தில் வளர விடுகிறாள். அப்புறம் மனசு கேட்காமல் போய்த் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். கடைசியில் அவளுக்கு மாப்பிள்ளையாக அமைகிறவன் அவள் அப்பாவைவிடப் பெரிய பட்டக்காரன்.

2010 முதல் 2015 வரை ஓடிய அந்தத் தொடரை என் பெரியம்மையோடு உட்கார்ந்து பார்த்தேன். பெரியம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பக்கத்திலிருந்து கதை சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தக் கண்ணாடிப் பாத்திரங்களும் தொப்பிகளும் ஒரு பொருட்டே இல்லை. ட்ரூ வீட்டுக்காரி கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு ஈடித் காரில் ஏறும் கட்டத்தில், "ஏட்டி, அந்தப் பண்ணைக்காரி இத்தன நாளு பாலு குடுத்து வளத்தாளே, அவ வயிறு எரியாதா? அவளக் காட்டச் சொல்லு" என்றாள். நான் எங்கே போய்ச் சொல்ல? அப்புறம் எத்தலை ஞாபகப்படுத்திக்கொண்டு, "ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதான. இவளுக்கு மட்டும் எப்படி மாப்பிள்ள கெடச்சான்?" என்று கேட்டாள்.

ட்ரூ வீட்டுக்காரியையும் பிறகு காட்டத்தான் செய்தார்கள். ஏக்கம் தாங்காமல் ஒரு சந்தையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதற்குத் தண்டனையாகத் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டு அந்தக் குடும்பமே வெளியேற வேண்டியிருக்கிறது. அதோடு அவர்கள் கதை சரி. ஈடித்தின் கண்ணீருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஒதுக்கிய தொடர், இவளுக்குக் கொடுத்தது சில நிமிஷம்.

பழங்காலக் கதைகளில் துயரத்துக்குப் பஞ்சமே இல்லை. மேலே இருப்பவளும் அழுகிறாள், கீழே இருப்பவளும் அழுகிறாள். ஆனால் யாருடைய அழுகையைக் கதையாக்குவது என்று வரும்போது பிறப்பைப் பார்க்கிறார்கள். கீழே பிறந்தவளைக் கதாநாயகியாக வைத்தே ஆகவேண்டும் என்றால் அவள் பிறப்பையே மாற்றிவிடுகிறார்கள். இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று நினைக்க வேண்டாம். பாபநாசம் மலைக்குப் போனால் தெரியும்.

திருநெல்வேலிச் சீமையில் பழங்காலக் கதை என்றால் அது கொடையில், ஊர்ச் சாமிக்கு எடுக்கிற திருவிழாவில், கேட்பது. குடியழைப்பு முடிந்து, மதியக்கொடை முடிந்து, சாமக்கொடைக்கு முன்னால் வில்லுப்பாட்டுக்காரர்கள் ஊன்றி உட்காருவார்கள். நடுவில் புலவர், அவருக்கு முன்னால் குடத்தின் மேல் சாத்திய வில், நாண் நெடுக மணிகள், கையில் வீசுகோல். பக்கத்தில் குடம் அடிக்கிறவர், உடுக்கு, கட்டை, தாளம். புலவர் ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். அந்த ஆமா இல்லையென்றால் கதை நகராது. சின்ன வயசில் எனக்குப் பிடித்ததே அந்த ஆமாதான். கதை எவ்வளவு கொடூரமான இடத்துக்குப் போனாலும் அந்த மனுஷர் சளைக்காமல் ஆமா போட்டுக்கொண்டிருப்பார்.

அப்படிக் கேட்டதுதான் முத்துப்பட்டன் கதை. பட்டன் பிராமணன். அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல் வீட்டை விட்டுப் போனவன், கொட்டாரக்கரை ராஜாவிடம் வேலை பார்த்தவன். திரும்பி வரும் வழியில் பாபநாசம் மலைக்காட்டில் இரண்டு பெண்களைப் பார்க்கிறான். பொம்மக்கா, திம்மக்கா. சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். அப்பனுக்குச் சோறு கொண்டுபோகிற பிள்ளைகள். பட்டன் பின்னால் வர, பயந்து அப்பனிடம் ஓடுகிறார்கள். வாலப்பகடை ஆயுதத்தை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போகிறான்.

அதற்குப் பிறகு வருகிறதுதான் எனக்குக் கதையிலேயே பெரிய காட்சி. பெண் கேட்கும் பிராமணனிடம் வாலப்பகடை நிபந்தனை போடுகிறான். பூணூலை அறு. குடுமியை எடு. எங்களைப் போல் தோல் தைத்துச் செருப்புப் பண்ணிக் கொண்டுவா, அப்புறம் பேசுவோம். பட்டன் அத்தனையும் செய்கிறான். யோசித்துப் பாருங்கள். எந்த நாட்டுக் கதையிலும் பரீட்சை வைக்கிறவன் மேலே இருப்பான், எழுதுகிறவன் கீழே இருப்பான். வில்லைத் தூக்கு, மாட்டை அடக்கு என்று ராஜா சொல்வான். இங்கே செருப்புத் தைக்கிற ஒரு தகப்பன், "என் மகளுக்கு நீ தகுதியா என்று பார்க்கிறேன்" என்கிறான். அவன் குரல் கெஞ்சவில்லை. உன் குலத்துக்குத் திரும்பிப் போகிறவனாக இருந்தால் என் பிள்ளைகள் கதி என்ன என்று கேட்கிற தகப்பனின் நியாயம் அது.

கல்யாணம் நடக்கிறது. கையில் கட்டிய காப்பு அவிழ்வதற்குள் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை. பட்டன் அவர்களை அடித்து விரட்டிவிட்டு அசந்த நேரத்தில், மறைந்திருந்த ஒருவன் அவனைக் குத்திவிடுகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குகிறார்கள். மூன்று பேரும் தெய்வமாகிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டன்தான் பட்டவராயன். அவன் சன்னதிக்கு இன்றும் நேர்ச்சையாகச் செருப்புதான் வருகிறது. தோல் செருப்பு, பெரிது பெரிதாகத் தைத்துக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அதைப் பட்டவராயன் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார், அடுத்த வருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசைக்குக் கூடுகிற கூட்டத்தில் எல்லாச் சாதியும் உண்டு. வேறு எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஜனம், இங்கே செருப்பைச் சுமந்துகொண்டு வருகிறது.

சரி, இதில் எங்கே பிறப்பை மாற்றினார்கள்? ஒரே கதையை ஊருக்கு ஊர் வேறு மாதிரி பாடுவார்கள், அதைப் பாடம் என்பார்கள். இப்போது பாடப்படுகிற பல பாடங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற பிள்ளைகளே இல்லை. உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை அவன் எடுத்து வளர்த்தான் என்று கதை போகிறது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தபோது, இது பிற்பாடு ஒட்டவைத்த பகுதி என்று எடுத்துச் சொன்னார். கதையின் போக்கைப் பார்த்தாலே அது தெரியும். பெண்கள் பிராமணப் பிறப்பு என்றால் பட்டன் எதை இழந்தான்? பூணூலை அறுத்ததெல்லாம் ஒரு தப்பெண்ணத்தால் நடந்த வீண் வேலை ஆகிவிடுகிறது. வாலப்பகடை தகப்பன் ஸ்தானத்திலிருந்து காவல்காரன் ஆகிவிடுகிறான். அவ்வளவு பெரிய நிபந்தனைக் காட்சி பொசுக்கென்று போய்விடுகிறது. சேர்த்தவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஒரு கொடையில் பாட்டு முடிந்து சுக்குக்காபி குடித்துக்கொண்டிருந்த புலவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். வயசானவர், அப்பா காலத்திலிருந்தே வில்லுத் தொழில். "ரெண்டு பாடமும் எனக்குத் தெரியும் தாயி. எந்த ஊரு, யாரு கொடை எடுக்காவன்னு பாத்துக்கிடுவேன். சில ஊர்ல அந்தப் பொறப்புக் கதைய விட்டுட்டா சண்டைக்கு வந்துருவாவ. சில ஊர்ல அதப் பாடினா சண்டைக்கு வந்துருவாவ" என்றார். அவருக்கு இதில் வெட்கமோ வருத்தமோ இல்லை. முன்பணம் வாங்கியிருக்கிறார், ஊர் கேட்பதைப் பாடுகிறார். தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவரும் அதையேதான் செய்கிறார். என்ன, அவருக்கு வார வாரம் ரேட்டிங் வந்துவிடுகிறது. புலவருக்கு விடிவதற்குள் தெரிந்துவிடுகிறது.

ஆனால் பழைய பாடத்தையும் நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தயாரில்லை. அதிலும் பொம்மக்காவும் திம்மக்காவும் பேசுவது குறைவு. பயந்து ஓடுகிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், தீயில் விழுகிறார்கள். காட்டில் ஆடும் மாடும் மேய்த்துத் திரிந்த உழைக்கிற வீட்டுப் பெண்கள். புருஷன் செத்தால் அறுத்துக் கட்டுகிற, அதாவது மறுகல்யாணம் செய்கிற வழக்கம் உள்ள குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு. உடன்கட்டை யாருடைய வழக்கம்? பெரும்பாலும் அரச குடும்பமும் உயர்குடியும் தங்கள் பெண்கள்மேல் சுமத்தியது. அப்படிப் பார்த்தால் பிறப்பை மாற்றாத பாடமும் சாவில் அவர்களை மேல்குடிப் பெண்ணாக்கித்தான் கும்பிடுகிறது. அந்தக் கட்டம் வரும்போது வில்லின் வேகம் கூடும், பெண்கள் கூட்டத்திலிருந்து குலவை கிளம்பும், சாமி வந்து ஆடுவார்கள். எனக்கும் உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. சிலிர்த்து முடிந்ததும் எரிச்சல் வரும்.

தீயில் விழாமல் தப்பியவள் கதை ஒன்று எங்கள் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. அதை யாரும் வில்லில் பாடவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமணக் குடும்பத்தின் இளம் விதவை. உடன்கட்டை ஏற இருந்தவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி காப்பாற்றுகிறார். அவரோடு வாழ்கிறாள். அவருக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றலாக, கூடவே வருகிறாள். அவரிடமிருந்து கிறிஸ்தவத்தைக் கற்றுக்கொண்டு ஞானஸ்நானம் கேட்கிறாள். சுவார்ட்ஸ் பாதிரியார் கொடுக்க மறுக்கிறார். கல்யாணம் செய்யாமல் ஒரு ஆணோடு வாழ்கிறவளுக்கு எப்படித் தருவது என்பது அவர் நியாயம். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கிடைக்கிறது. பெயர் கிளாரிந்தா. 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். கிளாரிந்தா பெயர் முதலில். அவள் முயற்சியில் எழுந்த கோயிலை 1785-இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் திருச்சபைச் சரித்திரம் அங்கே தொடங்குகிறது.

தயவுசெய்து அந்த மறுப்பு நடந்த காலத்தை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். புகுந்த வீடும் பிறந்த வீடும் இல்லை. சாதி தள்ளிவைத்துவிட்டது. கூட வாழ்கிற வெள்ளைக்காரர் கட்டிக்கொள்ளவில்லை. அவருடைய சமூகத்தில் இவளுக்கு மனைவி என்ற இடம் கிடையாது. கடைசியாக ஒரு வாசலைத் தட்டினால் அங்கே உன் குடித்தனம் சரியில்லை என்கிறார்கள். குடித்தனத்தைச் சரியாக்கும் அதிகாரம் லிட்டில்டன் கையில் இருந்தது. கதவு சாத்தப்பட்டதோ இவளுக்கு. நான் ஒரு படம் எடுப்பதாக இருந்தால் அந்தத் தீயிலிருந்து காப்பாற்றுகிற காட்சியை எடுக்கவே மாட்டேன். குதிரை, புகை, துப்பாக்கி என்று யாராவது எடுத்துத் தள்ளுவார்கள். எனக்கு இந்த ஆண்டுகள் போதும். மருத்துவம், நோய், சமையல், படிப்பு, கோட்டைக்குள் மற்ற அதிகாரிகளின் பார்வை, வேலைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசும் பேச்சு.

பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா இவளை வைத்து 1915-இல் இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதினார். அதற்கு முன்பே, 1903-இல், முத்துமீனாட்சி என்ற பால்ய விதவையைத் தன் கதையைத் தானே சொல்ல வைத்துத் தமிழில் எழுதியவர். கிளாரிந்தாவைத் தமிழில் எழுதாமல் விட்டாரே என்று எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு.

கிளாரிந்தா சாதியைத் துறந்தாள், பெயரையும் மாற்றிக்கொண்டாள். ஊர் அவள் கட்டிய கோயிலை என்ன பெயரில் கூப்பிட்டது தெரியுமா? பாப்பாத்தி அம்மாள் கோயில். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவளுடைய சபையில் இருந்த மற்ற ஏழைப் பெண்களுக்கு இப்படி ஒரு கட்டடமும் கதையும் கிடைக்கவில்லை. அந்த 40 பேரில் மற்றவர்களைப் பற்றி யாராவது நாவல் எழுதினார்களா? விழுந்த உயரம் தெரிந்தால்தான் அது துயரம் என்று நமக்குப் படுகிறது. முதலிலிருந்தே தரையில் இருப்பவள் விழுந்தால் அது செய்திகூட இல்லை.

கல்கியின் பொன்னியின் செல்வனில் நந்தினியை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் பட்டர் வீட்டில் வளர்ந்தவள் இளவரசனை விரும்பியதற்காகத் துரத்தப்படுகிறாள். அந்த அவமானம் ஒன்றே ஐந்து பாகத்துக்குக் காணும். ஆனால் கதை அதோடு விடாது. அவள் யார் பெற்ற பிள்ளை, சோழன் மகளா, பாண்டியன் மகளா என்று கடைசி வரை நம்மைத் தேட வைக்கும். பட்டர் வீட்டு வளர்ப்புப் பெண்ணாகவே இருந்து பழிவாங்கக்கூடாதா? அவ்வளவு கோபத்துக்கு அரச ரத்தம் வேண்டும் போலிருக்கிறது.

இதைத் தலைகீழாக்கியவர் தாமஸ் ஹார்டி. 1891-இல் வந்த டெஸ் நாவல் எதில் தொடங்குகிறது? குடிகார ஏழை வண்டிக்காரன் ஒருவனிடம், உன் குலம் பழைய பிரபுக் குலம் என்று வழியில் ஒரு பாதிரியார் சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். அந்த ஒரு வரிதான் அவன் மகளைக் கொல்கிறது. உறவு கொண்டாடி உதவி கேட்க அவளை அனுப்புகிறார்கள். அனுப்பிய வீடோ அந்தக் குலப் பெயரைச் சும்மா எடுத்து வைத்துக்கொண்ட புதுப் பணக்கார வீடு. அங்கே அவள் சீரழிகிறாள். பிறகு கட்டிக்கொண்ட நல்லவன், தன் பழைய தப்பைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டவன், இவள் தன்னுடையதைச் சொன்னதும் விட்டுவிட்டுப் போகிறான். அதிலும் ஒரு வேடிக்கை, இவள் பலவீனத்துக்கு அந்த நொடித்துப்போன பழைய ரத்தம்தான் காரணம் என்று வேறு அவனுக்குத் தோன்றுகிறது. உயர்ந்த பிறப்பு அவளுக்கு ஒரு வேளைச் சோறு போடவில்லை. தூக்குமேடை வரை கூட வந்தது. பொம்மக்காவுக்குப் பிறப்புக் கதை ஒட்டிய புண்ணியவான் இந்த நாவலைப் படித்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் கணக்குக் காட்ட முடியுமா என்று கேட்டால், ஒரு இடத்தில் முடியும். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது பெண்களும் குழந்தைகளும் முதலில் என்றார்கள். பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையில் எண்ணிக்கை இருக்கிறது. முதல் வகுப்பில் 144 பெண்கள், பிழைத்தவர்கள் 140. மூன்றாம் வகுப்பில் 165 பெண்கள், பிழைத்தவர்கள் 76. படத்தில் நாம் யாருக்காக அழுதோம்? முதல் வகுப்புப் பெண் பிழைத்து, தன் ஏழைக் காதலனை இழந்ததற்காக. கீழே அறைக்குள்ளேயே பிள்ளைகளைப் படுக்க வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மூன்றாம் வகுப்புத் தாய் சில விநாடிகள் வந்து போகிறாள். ஏறக்குறைய 90 பெண்களுக்கு அந்தச் சில விநாடிகள்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் தொடர்களில் பஞ்சம் பிழைக்கப் போகிறவள் கட்டியிருக்கும் சேலையில் இஸ்திரி மடிப்பு தெரிகிறது. புருவம் திருத்தியிருக்கிறது. 200 வருஷத்துக்கு முந்தின கிராமத்தில் பியூட்டி பார்லர் இருந்ததா என்று பெரியம்மை ஒவ்வொரு முறையும் கேட்பாள். ராஜா வீட்டு நகைக்கு ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் கூலிக்காரி எப்படிச் சேலை கட்டினாள், முழங்காலுக்கு எவ்வளவு மேலே தூக்கிச் செருகினாள் என்று விசாரிப்பதில்லை.

பஞ்சம் என்றதும் நல்லதங்காள் வந்துவிடுகிறாள். ரயிலடியிலும் திருவிழாக் கடையிலும் பெரிய எழுத்துப் புத்தகமாக விற்ற கதை. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அர்ச்சுனாபுரத்து அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். மக்கிப்போன கேப்பையும் பச்சை விறகும் ஓட்டைப் பானையும் கொடுக்கிறாள். ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் தள்ளிவிட்டு அவளும் குதிக்கிறாள். மூத்தவன் மட்டும் தப்பித்து ஓடப் பார்ப்பான். அந்த இடத்தைப் பாடும்போது அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை.

அண்ணிக்காரியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில், குதிரில் இருப்பது எத்தனை நாளைக்கு வரும் என்று அந்த வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். புருஷனுக்குத் தங்கை பாசம் இருக்கலாம், அளந்து போடுகிறவள் அவன் இல்லை. தன் வீட்டுக்குச் சீர்செனத்தியோடு வரவேண்டிய நாத்தனார் பிச்சைக்காரியாக வந்து நிற்கும்போது, அண்ணிக்குத் தெரிவது அடுத்து தனக்கு வரப்போகும் நிலைமை. கதை இதற்குள் போகாது. அவளை அரக்கியாக்கிவிட்டு, வேட்டையிலிருந்து திரும்பிய அண்ணன் கையால் தண்டனை வாங்கிக் கொடுத்து முடித்துவிடும். மழையில்லாத ஊரை ஆண்டவன் களஞ்சியத்தில் என்ன இருந்தது என்று கதை கேட்பதில்லை. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நிற்கிற இரண்டு பெண்கள் மேல் முழுப் பஞ்சத்தையும் இறக்கி வைத்துவிட்டார்கள்.

சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிற காடு ஒரு காலத்தில் சிங்கம்பட்டி ஜமீனுடையது. ஆடி அமாவாசைக்கு ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்கார்ந்து ஜனங்களுக்குக் காட்சி கொடுப்பார். பட்டம் கட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் காலமானார். அந்தத் தலைப்பாகையையும் அங்கியையும் எத்தனையோ கேமராக்கள் எடுத்திருக்கின்றன. அதே ஜமீன் 1929-இல் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. அதுதான் மஞ்சோலை. காட்டை அழித்துத் தேயிலை போடவும் பிறகு கொழுந்து கிள்ளவும் மலையேறிய பெண்களின் பேத்திகள் வரை அங்கே வேலை பார்த்தார்கள். 1999 ஜூலை 23-ஆம் தேதி, அவர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் செத்தார்கள். அதில் பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு.

இதுவும் இன்னும் கொஞ்ச நாளில் பழங்காலக் கதை ஆகிவிடும். பழைய ஜீப், பழைய போஸ்டர், வாடகைக்கு எடுத்த பழைய பஸ் எல்லாம் வைத்து யாராவது எடுப்பார்கள். எடுக்கும்போது கதாநாயகி யாராக இருப்பாள் என்று பெரியம்மையிடம் கேட்டேன். கொழுந்துக்கூடையை முதுகில் கட்டியவளாகவே கடைசி வரை இருப்பாளா? பெரியம்மை முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மொதல்ல கூட கட்டியிருப்பா. எடவேளைக்கு அப்புறம் மேனேஜர் மவன்னு தெரியவரும்" என்றாள்.